என் நேர்த்தெருவும் பூராக் காற்றும்

பிப்ரவரி 3, செவ்வாய்

முன்பு மரம் ஏற்றிய பழைய துறைமுகத்தில் வரப்போகும் புதுப் பேட்டையின் வரைபடம் இன்று முடிந்தது. இருபத்தொரு வருடமாக நகராட்சியில் அடுத்தவர் போட்ட கோட்டுக்கு வண்ணம் தீட்டிய எனக்கு இது முதல் சொந்தப் பேட்டை. கீழே கடைகள், மேலே வீடுகள், கூரையில் சூரியத் தகடுகள். கார் கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து கடல் வரை ஒரே நேர்க்கோடாகப் பதினெட்டு மீட்டர் அகலத்தில் ஒரு தெரு. ரயிலை விட்டு இறங்கியதுமே கடல் கண்ணில் படும். நானே வரைந்து நானே மயங்கிப்போனேன்.

ஒரே இடைஞ்சல், தெருவின் ஓரத்தில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் பழைய கிடங்கு. அதை இடித்தால் அதன் பின்புறக் கோணல் சந்தும் போகும், சந்தில் இருக்கும் பெரினாவின் காப்பிக் கடையும் போகும்.

பிப்ரவரி 5

பெரினாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"இன்ஜினியரே, பூராக் காத்து அடிக்கிற அன்னைக்கு உங்க தெருவுல ஒரு தடவை நடந்து காட்டுங்க. கடையை நானே காலி பண்ணிடறேன்."

மலையிலிருந்து பூரா இறங்குவது வருடத்தில் சில நாள். அதற்காகத் தெருவைக் கோணலாக்குவதா? நானும் இந்த ஊரில் பிறந்தவன்தான். எனக்கே காற்றைப் பற்றிப் பாடம்!

பிப்ரவரி 24

பேட்டைக்கு ஐரோப்பிய நிதி தரவேண்டிய அம்மையார் பிரஸ்ஸல்ஸிலிருந்து மார்ச் 12 அன்று வருகிறார். நேரில் நடக்கவைத்தால் மயங்கிவிடுவார் என்று மேயரிடம் சொன்னேன். காலி நிலத்தில் தெருவை முழு அளவில் தரையிலேயே வரைகிறோம். ஒட்டுப்பலகையில் வெட்டிய நாற்பது மரங்களும் நிறுத்தியாயிற்று.

நில அளவையாளர் ஷீமே கேட்டான்: "மரத்தையெல்லாம் எதுல கட்டறது?"

"எதுக்குக் கட்டணும்? அதான் நிக்குதே!"

மார்ச் 9

வியாழக்கிழமை, அம்மையார் வருகிற அன்றே, பூரா அடிக்குமாம். தேதியை மாற்றலாமா என்று மேயரிடம் கேட்டேன்.

"காத்துக்குப் பயந்துட்டோம்னு பிரஸ்ஸல்ஸுக்கு எழுதச் சொல்றியா?"

மார்ச் 11

ஓர் இலைகூட அசையவில்லை. வானிலைக்காரர்களுக்கு வேறு வேலையில்லை.

மார்ச் 12

ஐயோ.

இருபத்து மூன்று பேர் கிளம்பினோம். முதல் ஐம்பது மீட்டர் பரவாயில்லை. அப்புறம் காற்று பிடித்தது. நாற்பது மரங்களும் எங்களை முந்திக்கொண்டு கடலுக்குப் போயின. ஒன்று போகிற போக்கில் மேயரையும் கொஞ்ச தூரம் கூட்டிப்போயிற்று. நான் விடாமல் விளக்கிக்கொண்டே நடந்தேன் — "இங்கே மாலையில் மக்கள் நின்று பேசுவார்கள்" — நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை.

கடைசி முப்பது மீட்டரைத் தவழ்ந்து கடந்தேன். உள்ளங்கை இரண்டும் சிராய்ப்பு.

மற்ற இருபத்திரண்டு பேரும், யாரும் சொல்லாமலே, கிடங்குக்குப் பின்னால் ஒதுங்கி, சந்து வழியாக நடந்து, பெரினா கடையில் நின்றிருந்தார்கள். அங்கே மேசைமேல் கிடந்த துண்டுத்தாள்கூட அசையவில்லை. அம்மையார் கையில் காப்பி.

"அருமையான வளைவு! கிடங்கை அப்படியே வச்சு இந்த வழியை யோசிச்சது நீங்கதானே?"

மேயர் என்னைப் பார்த்தார். பெரினாவும் பார்த்தாள்.

"ஆமாம்" என்றேன்.

பெரினா உள்ளே போனாள். ஈரத் துணி எடுத்துவந்து என் கையைத் துடைத்துவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 16

நிதி உண்டாம், அந்த வளைந்த தெரு இருந்தால். வரைபடத்திலேயே இல்லாத தெரு! ஷீமே சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்பார்த்தான்.

மார்ச் 18

காற்று எங்கே தணிகிறது, எங்கே திரும்புகிறது என்று பெரினாவிடம் கேட்கப்போனேன்.

"திருடுனதைத் திருத்தமா வரையணுமாக்கும்? சந்து என்னோடதுன்னு நான் சொல்லல. ஆனா 'ஆமாம்'னு எவ்வளவு வேகமாச் சொன்னீங்க!"

வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன எழுத?

மார்ச் 20

வளைவு என் யோசனை இல்லை, காப்பிக் கடைக்காரருடையது, நான் இடிக்க இருந்தேன் என்று பிரஸ்ஸல்ஸுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நிதி போனால் வேலையும் போகும். மேயர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 2

பதில் வந்தது. ஒரே வரி: "அப்படியானால் அவரையும் குழுவில் சேருங்கள்."

மேயர் பேச ஆரம்பித்துவிட்டார். பெரினாவும்தான். காற்றைப் பற்றி அவள் சொல்வதை மூன்று வாரம் கடையிலேயே உட்கார்ந்து நான் கேட்டு எழுத வேண்டும் என்று அவள் உத்தரவு.

ஜூன் 18

நகர மன்றம் வரைபடத்தை ஏற்றுக்கொண்டது. கிடங்கு இருக்கிறது. தெரு இரண்டு இடத்தில் வளைகிறது. அச்சான முதல் தாளைப் பெரினாவிடம் எடுத்துப்போனேன். மூலையில் 'வரைந்தவர்' என்று என் பெயர். அதன் கீழே 'காற்று: பெரினா விட்டாஸ்'.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"உங்க பேரைவிட என் பேரு சின்னதா இருக்கே?"

இரண்டையும் ஒரே அளவில் மறுபடி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.