பொருந்தாத கைரேகை

மார்ச் 3

நான் வேலை பார்க்கும் கல்லூரிக் கணினிக்கூடத்தில் இன்று கூட்டம் இல்லை. மதியம் உட்கார்ந்து பதினொரு பேக்கேஜ்களுக்குப் புதுப் பதிப்பு எழுதி அனுப்பினேன். என் பொறுப்பில் மொத்தம் எண்பத்தாறு. யாரும் கேட்டுச் செய்வதில்லை. எட்டு வருடப் பழக்கம்.

என் கணவர் போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. அதையும் குறித்து வைக்கிறேன். குறிக்காவிட்டால் எத்தனை மாதம் என்று எனக்கே தெரியாது போலிருக்கிறது.

மார்ச் 5

சாப்பிடும்போது அத்தை கேட்டார். "தினம் அந்தப் பொட்டியில என்னதான் தட்டற? காலேஜ் வேலையும் இல்லங்கற."

சொன்னேன். விண்டோஸ் கணினியில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஆளாளுக்கு இணையத்தில் தேடுகிறார்கள். எந்தப் பொத்தான் நிஜம், எது விளம்பரம் என்று தெரியாமல் எதையாவது அழுத்தி மாட்டிக்கொள்கிறார்கள். பேக்கேஜ் மேனேஜர் இருந்தால் ஒரு வரி தட்டினால் போதும். அதுவே சரியான இடத்திலிருந்து இறக்கி நிறுவிவிடும். எங்கிருந்து இறக்குவது, எந்தப் பதிப்பு, இறங்கியது அசல்தானா என்பதையெல்லாம் யாராவது ஒருவர் முன்கூட்டியே பேக்கேஜாக எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த யாராவது நான்.

"அசலா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொரு ஃபைலுக்கும் கைரேகை மாதிரி நீளமா ஒரு நம்பர் இருக்கு அத்தை. செக்சம்னு பேரு. உள்ள ஒரு புள்ளி மாறினாலும் அந்த நம்பர் மாறிடும். நான் எழுதி வச்ச நம்பரும் இறங்கினதோட நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ள விடும்."

முப்பது வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவர். சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஊசி போடறதுக்கு முன்னாடி புட்டியில இருக்கற சீட்டைப் படிக்கற மாதிரி."

ஆமாம் என்றேன்.

பிறகு எப்போதும் போல, "எம் பையன் போன் பண்ணானா?"

"வேலை இழுத்துக்கிட்டே போகுதாம் அத்தை."

தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 6

நேற்று எழுதும்போது விட்டுவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையில் அவர் வேலைக்குப் போன ஊரிலிருந்து பேசினார். "நான் இங்கேயே இருந்துக்கறேன். தனியா இல்ல, இங்க ஒருத்தி இருக்கா. உங்கிட்ட மறைக்க வேண்டாம்னு பார்த்தேன். அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

நான் சரி என்றேன். தண்ணீர் லாரி நாளைக்குத்தான் வரும் என்று யாரோ சொன்னால் சரி என்போமே, அந்தச் சரி. பிறகு காய் நறுக்கினேன். கல்லூரிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. பக்குவம் என்று ஒன்று வரட்டும் என்று இருந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. கிள்ளினால் கிள்ளுகிறார்கள் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

மார்ச் 11

பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஒரு சின்ன மென்பொருள் என் பொறுப்பில் இருக்கிறது. அதை எழுதியவர் இரண்டு வருடமாகத் தொடவில்லை. இன்று நாலு புகார்: நிறுவ முடியவில்லை, செக்சம் பொருந்தவில்லை.

இப்படி அடிக்கடி நடக்கும். எழுதியவர்கள் பதிப்பு எண்ணை மாற்றாமல் கோப்பை மட்டும் மாற்றி வைத்துவிடுவார்கள். இப்போது இறங்கும் கோப்புக்குச் செக்சம் கணக்கிட்டு, பழைய எண்ணை அழித்து, புதியதை எழுதி அனுப்பினேன். மொத்தம் ஆறு நிமிடம். பேக்கேஜ் களஞ்சியத்தில் அனுமதி கொடுக்கும் பரிசோதகரை நாங்கள் 'பூட்டு' என்போம், இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயரே அதுதான். பத்து நிமிடத்தில் அனுமதித்தார். "நீங்க அனுப்பினா நான் திறந்துகூடப் பார்க்கறதில்ல" என்று ஒரு சிரிப்புப் பொம்மை.

மார்ச் 12

ஒன்றும் இல்லை.

மார்ச் 17

வாசிப்பு மென்பொருளுக்கு ஒரு புகார். புதிதாக நிறுவியதிலிருந்து ஒழுங்காகப் பேசவில்லையாம். 'மீண்டும் நிறுவிப் பாருங்கள்' என்று பதில் போட்டுப் புகாரை மூடினேன்.

மார்ச் 19

அதே ஆள் மறுபடி எழுதியிருந்தார்.

"மீண்டும் நிறுவினேன். மூன்று முறை. இப்போது இன்னும் மோசம். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பவள். எனக்குப் பார்வை இல்லை. மக்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது காதுக்குள் இது உடல் எடை குறைக்கும் விளம்பரத்தை வாசிக்கிறது. பிறகு பேச்சே நின்றுவிடுகிறது. என் மேலாளர் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டார். ஐந்து நாளாக வெளி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து புகாரை மூடாதீர்கள்."

அப்போதுதான் பார்த்தேன். பார்த்தேன் என்றால், முதல் முறையாக. அந்த மென்பொருளை எழுதியவர் அதன் இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். பிப்ரவரியில் வேறு யாரோ அதை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் அதே பெயரில் வேறொரு கோப்பை வைத்திருக்கிறார்கள். உள்ளே வாசிப்பானும் இருக்கிறது, கூடவே விளம்பரப் பூச்சியும் இருக்கிறது. முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று தேட அரை நிமிடம் போதும். நான் தேடவில்லை.

செக்சம் தன் வேலையைச் செய்தது. இது அசல் இல்லை, விடமாட்டேன் என்று நின்றது. நான்தான் அதன் எண்ணை மாற்றி உள்ளே விடச் சொன்னேன்.

முந்நூற்றுப் பதினொரு கணினிகளில் அது இறங்கிவிட்டது. அவற்றை வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் திரையில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாதவர்கள்.

பேக்கேஜை உடனே விலக்கினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'இணைப்பில் சிக்கல்' என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20

காலையில் அத்தையிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது?

"எண்ணு பொருந்தலன்னு அது சொல்லிச்சு. நீ?"

"எண்ணை மாத்திட்டேன்."

"சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற சீட்டு ஒட்டியிருக்க." குற்றம் சாட்டும் குரல் இல்லை. கட்டு பிரித்துப் புண்ணைப் பார்க்கிற குரல். "அவங்களுக்கெல்லாம் சொல்லிட்டியா?"

"இல்ல."

அவர் குக்கரை இறக்கப் போய்விட்டார்.

கல்லூரிக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் களஞ்சியத்தின் பொது அறிவிப்புப் பக்கத்தில் எழுதினேன். 'இணைப்பில் சிக்கல்' என்று நேற்று எழுதியது உண்மையில்லை. செக்சம் பொருந்தாதபோது நான் சரிபார்க்காமல் எண்ணை மாற்றினேன். தவறு என்னுடையது. நிறுவியவர்கள் செய்ய வேண்டியவை இவை. திரை வாசிப்பான் வேலை செய்யாதவர்கள் இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள், நான் கூடவே இருந்து சொல்கிறேன்.

என் சொந்த எண்ணைப் போட்டேன்.

பூட்டு தனியாக எழுதினார். "என் மேலயும் தப்பு. ஆனா விதிப்படி உங்க அனுமதியை நிறுத்தி வைக்கணும். மன்னிச்சுக்கோங்க." நிறுத்துங்கள் என்றேன். சாயங்காலத்துக்குள் இருபத்தேழு போன் வந்தது. சிலர் திட்டினார்கள். ஒருவர் திட்டி முடித்துவிட்டு, "சரி, இப்ப எந்தக் கீயை அழுத்தணும்?" என்றார்.

அந்தக் குடிநீர் அலுவலகப் பெண்மணி போன் செய்யவில்லை. நானே முகவரி கேட்டு எழுதினேன்.

மார்ச் 24

பேருந்தில் இரண்டு மணி நேரம். அலுவலகம் இரண்டாவது மாடியில். வெளி நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வணக்கம் சொன்னேன்.

"நீங்கதான் அந்த 'மீண்டும் நிறுவிப் பாருங்க'ளா?"

ஆமாம் என்றேன்.

மேலாளர் அந்தப் பெண்மணியின் பழைய மேசையை இரண்டு மணி நேரத்துக்குக் கொடுத்தார். பெண்மணியும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் நாலு கீ தட்டுவதற்குள், "நிறுத்துங்க. எதை அழிக்கறீங்கன்னு சொல்லிட்டே செய்ங்க. என்னால பார்க்க முடியாது. போன தடவையும் பார்க்க முடியாதவதான் மாட்டிக்கிட்டேன்" என்றார்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தேன். எந்தக் கோப்பு, எந்த இடத்தில், ஏன். இரண்டு இடத்தில் அவர் கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியாமல் நின்று தேட வேண்டியிருந்தது.

நடுவில் கேட்டார். "ஏன் பார்க்காம போட்டீங்க?"

"தெரியலங்க."

"தெரியலன்னா எப்படி? ஒரு காரணம் இருக்கும்ல."

"அஞ்சு மாசமா எதையுமே பார்க்காமத்தான் செஞ்சிட்டு இருக்கேன். வீட்டுக்காரர் விட்டுட்டுப் போயிட்டார். வீட்ல அவங்கம்மாகிட்டகூட இன்னும் சொல்லல."

ஐந்து மாதத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. முன்பின் தெரியாத ஒருவரிடம், கையில் மவுஸோடு.

"அது எனக்குப் பதில் இல்ல மேடம். உங்களுக்கு வேணா பதிலா இருக்கலாம்."

"ஆமாங்க."

"மேல செய்ங்க."

கடைசியில் பழைய, அசல் பதிப்பை என் சொந்தப் பிரதியிலிருந்து போட்டேன். செக்சம் எண்ணை ஆரம்பம் முதல் கடைசிவரை ஒவ்வோர் எழுத்தாக அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான். வாசிப்பான் பேசத் தொடங்கியது. அவர் வைத்திருந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஒரே சலசலப்பு. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே விரல்களைக் கீபோர்டில் வைத்தார்.

"என்ன சொல்லுது?"

"உங்களுக்குப் புரியாது. எனக்குப் புரியுது."

கிளம்பும்போது, "கோபம் இன்னும் போகல. ஆனா வந்தீங்க" என்றார். மேலாளர் அந்த மேசையைத் திரும்பத் தருவாரா என்று கேட்டேன். "அதை நான் பார்த்துக்கறேன். அதுக்கும் நீங்க வர வேண்டாம்."

மார்ச் 25

அத்தையிடம் சொன்னேன். பக்குவமாக இல்லை. அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்: அவர் வரமாட்டார், அங்கே ஒருத்தி இருக்கிறாள், அக்டோபரிலேயே சொல்லிவிட்டார், வேலை இழுக்கிறது என்று நான் சொன்னதெல்லாம் பொய்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நவம்பர்ல அவன் சட்டையெல்லாம் தோய்ச்சு, தேய்ச்சு, பெட்டியில போட்டுப் பரண்ல ஏத்தின. திரும்பி வர்றவன் சட்டையை யாராவது பரண்ல ஏத்துவாங்களா?"

"அப்புறம் ஏன் தினம் கேட்டீங்க, போன் பண்ணானான்னு?"

துண்டை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். "கேக்கறத நிறுத்தினா எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சிடும். அது வெளிய வந்துட்டா, இனிமே நீங்க இங்க எதுக்குன்னு கேட்டுடுவியோன்னு இருந்தது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தேன். இவர் இத்தனை மாதமாக இந்தப் பயத்தோடா என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்? எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

ஏப்ரல் 2

அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகனிடம் போனில் பேசினார். ஒரு வாக்கியம்தான் காதில் விழுந்தது. "நீ சொல்ல வேண்டியத அவ வாயால சொல்ல வச்சிட்டியேடா."

மதியம் கணவரிடமிருந்து எனக்குச் செய்தி. 'இப்ப எதுக்கு அம்மாகிட்ட சொன்ன?'

பதில் போடவில்லை.

ஏப்ரல் 9

பேக்கேஜ் அனுமதியைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். எண்பத்தாறும் வேண்டாம், ஐந்து போதும் என்றேன். மற்றவற்றை எட்டுப் பேர் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். முதலாவதாக அனுப்பியதையே, ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று பூட்டு திருப்பி அனுப்பினார். நல்லது.

குடிநீர் அலுவலகப் பெண்மணிக்கு மேசை கிடைத்துவிட்டது. ஒரு வரி எழுதியிருந்தார். நன்றி என்றெல்லாம் இல்லை. புது ஆள் புகார் எண்களை எல்லாம் குழப்பி வைத்திருக்கிறாராம்.

ஏப்ரல் 18

அத்தையைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். புரை முற்றிவிட்டது, அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கீழே வந்து பதிவு மேசையில் நின்றோம். எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"ஆபரேஷன் அன்னிக்குக் கூட இருக்கறவங்க?"

அத்தை என்னைக் காட்டினார்.

"இவங்க உங்களுக்கு என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார். "எம் பையன் விட்டுட்டுப் போன பொண்டாட்டி. நான் விடல."

எழுத்தரின் பேனா நின்றுவிட்டது. படிவத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "அம்மா, இங்க இவ்ளோ இடம் இல்லையே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோது அது வேறு எதுவாகவோ மாறிவிட்டது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கெல்லாம் ஒழுகியது. எழுத்தர் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

அத்தை அவரிடம், "விடுங்க, அழட்டும். ஆறு மாசம் லேட்டு" என்றார். பிறகு பேனாவை வாங்கி, காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், உறவுக்கான கட்டத்தில் அவரே ஒரே ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தார்.