ஒரு வாய் பிரெஞ்சு ஒயின்

ஜெராம்,
3 மார்ச் 2024

துளசி அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். துளசி கணக்குப் பாடத்தில் மட்டும் சுகமில்லை. அந்தக் குடிமறப்பு இல்லத்தில் உங்கள் கைப்பேசியை வாங்கி வைத்ததும் நல்லதுதான்; பதினாலு வருடக் கல்யாண வாழ்க்கையில் இப்போதுதான் உங்கள் கையெழுத்தைப் பார்க்கிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது.

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. எங்கள் கடல் உணவுக் கடை முதலாளி தவுக்கேயின் அறுபதாவது பிறந்தநாளுக்கு 1982ஆம் வருடத்துப் பிரெஞ்சு சிவப்பு ஒயின் ஒன்றைத் திறந்தார்கள். தக்கை பொடிந்துவிட்டது, அடியில் வண்டல். அவர் மகனுக்கு அதை ஊற்றத் தெரியவில்லை. நான் வாங்கி, வண்டல் அசையாமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்றினேன். பழைய செங்கல் நிறம். "நீயும் ஒரு வாய் ருசி பார், பிறகு துப்பிவிடு" என்று தவுக்கே துப்பும் கிண்ணத்தைக் காட்டினார். கொடுத்தவர் முகத்துக்கு எதிரே எப்படித் துப்புவது? விழுங்கிவிட்டேன்.

முதலில் காய்ந்த திராட்சை. பிறகு மழை விட்டதும் செம்பனைத் தோட்டத்தில் வருமே, அந்த ஈர மண் வாசனை. வெகுநேரம் வாயில் நின்றது. நன்றாக இருந்தது, அதுதான் எனக்குக் கோபம். இதற்காகவா எங்களை விட்டுப் போனீர்கள்?

இப்போது ஒயின் அறையை என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். "அம்சா குடிக்க மாட்டா லா, பாட்டில் பத்திரமா இருக்கும்" என்கிறார். திறக்கும் பாட்டிலை ருசி பார்ப்பதும் வேலையில் சேர்த்தி. மாதக் கடைசியில் நீங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். நான் என்ன சொல்லட்டும்?

அம்சவள்ளி

*

உலு யாம்,
10 மார்ச் 2024

அன்பு அம்சா,

உன் கடிதத்தைப் படிக்கப் படிக்க நாக்கில் நீர் ஊறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கடைசியில் அந்தக் கடிதத்தை இங்கே இல்லத்தை நடத்தும் நல்லசாமி ஐயாவிடமே கொடுத்து வைத்தேன்.

நீ எழுதிய ருசி எனக்குத் தெரியாது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு மலிவுச் சாராயம், அந்தச் சம்சுவைக் குடித்தவன். லோரி வேலை போன பிறகு உன் முகத்தைப் பார்க்கப் பயந்து குடித்தேன். ருசிக்காக ஒரு நாளும் இல்லை.

அந்த வேலை வேண்டாம் அம்சா. வீட்டில் பூனையை வைத்துக்கொண்டு நீ பால் வாசத்தோடு வரலாமா? கோபித்துக்கொள்ளாதே. இங்கே நான் வெண்டைக்காய் நட்டிருக்கிறேன் என்று துளசியிடம் சொல்.

உன் சேது

*

ஜெராம்,
17 மார்ச் 2024

துளசி அப்பாவுக்கு,

வெண்டைக்காய் கதையைத் துளசி நம்பவில்லை. படம் வரைந்து அனுப்பச் சொல்கிறாள்.

கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. எட்டு வருடமாக நாங்கள் எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பது, எல்லாவற்றையும் உங்கள் பாட்டில்தான் முடிவு செய்தது. என் வேலையையும் அதுவேதான் முடிவு செய்ய வேண்டுமா? பத்தொன்பது வயதிலிருந்து மீன் கழுவுகிறேன். என் கையில் ஒரு திறமை இருக்கிறது என்று இப்போதுதான் ஒருவர் சொல்லிக் கேட்கிறேன். ஒப்புக்கொண்டுவிட்டேன். துப்பவும் கற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் வரவேண்டும் என்றுதான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. முப்பதாம் தேதி பஸ் நிலையத்தில் நிற்பேன்.

அம்சவள்ளி

*

உலு யாம்,
24 மார்ச் 2024

அன்பு அம்சா,

முப்பதாம் தேதி வந்து நிற்காதே. நான் வரவில்லை.

உன்மேல் கோபமில்லை, சத்தியமாக. என்மேல்தான் பயம். இன்னும் மூன்று மாதம் இருக்கட்டுமா என்று நல்லசாமி ஐயாவிடம் நானே கேட்டேன். சரி என்றார். வேலையை விடாதே என்ற ஒரு வரியை உனக்கு எழுத இரண்டு நாள் ஆனது. முதல் நாள் எழுதியது வேறு, அதைக் கிழித்துவிட்டேன்.

அப்பா ஓடிப்போகவில்லை என்று துளசியிடம் சொல். உங்கள் இருவரையும் நினைக்காமல் ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

நீ வேலை முடிந்து அந்த வாசனையோடு வாசலில் நிற்கும்போது, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "சாப்பிட்டியா அம்சா" என்று மட்டும் கேட்கத் தெரிந்தவனாக வரவேண்டும். அந்தத் தைரியம் வந்த அன்று நானே பஸ் ஏறிவிடுவேன்.

உன் சேது