உன் சுரைக்குடுவையில் என் முறை

அண்ணா,

நேற்று, நீ கப்பலில் மாட்டிய கம்பளிக் கோட்டை வெயிலில் போடுவதற்காக எடுத்தேன். உள்பையைத் திருப்பி உதறியபோது கொஞ்சம் பச்சைத்தூள் என் கையில் கொட்டியது. மோந்து பார்த்தேன். புகையில் வாட்டிய வைக்கோல் வாசனை. உன் மாத்தே இலை. கிணற்றடியிலிருந்து அம்மா, "என்னத்த பிள்ளே மோந்துக்கிட்டு நிக்கே?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். யார் எதைக் கேட்டாலும் எனக்கு அந்த ஒரு பதில்தான் வரும், உனக்குத் தெரியும்.

கல்கத்தாவில் சணல் சாக்கு ஏற்றிக்கொண்டு அர்ஜென்டினா போகிற சரக்குக் கப்பலில் நீ சமையல் வேலை பார்த்தாய். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தபோது நீண்ட லீவில் கரமனைக்கு வந்தாய். மற்றவர்கள் கப்பலிலிருந்து சென்ட்டும் பட்டும் கொண்டுவருவார்கள். நீ ஒரு சிறிய சுரைக்குடுவை, அடியில் சல்லடை வைத்த வெள்ளிக் குழல் ஒன்று, பெரிய பொட்டலங்களில் அந்த ஊர்க்காரர்கள் தேயிலைபோல் குடிக்கும் மாத்தே இலை, இவ்வளவும் கொண்டுவந்தாய்.

முதல் நாள் அடுக்களைப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, குடுவையில் முக்கால் பாகம் இலை போட்டு வெந்நீர் ஊற்றினாய். முதல் தண்ணீர்தான் பெருங்கசப்பு, அதை ஊற்றுகிறவனே குடித்துத் தீர்க்க வேண்டும் என்றாய். பிறகு மறுபடியும் நிரப்பி என்னிடம் நீட்டினாய். நம் வீட்டில் யார்தான் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பார்கள்? நான் அண்ணாந்து, குடுவையைத் தூக்கிக் கவிழ்த்தேன். குழல் நெற்றியில் இடித்தது. ஈர இலையெல்லாம் மூக்கிலும் கழுத்திலும் வழிந்தது. நீ சிரித்துச் சிரித்துப் படியிலேயே சாய்ந்துவிட்டாய்.

"ஏட்டி, சாமிக்கு அபிஷேகமா பண்ணுதே? வாயை வெச்சு உறிஞ்சணும். அங்க பத்து பேர் இருந்தாலும் ஒரே குழலாக்கும்."

"எச்சியா!" என்று அம்மா உள்ளே கரண்டியைப் போட்டாள். "சவத்தத் தூரப் போடுடா. நாலு பேர் கேட்டா என்ன நினைப்பா?"

"அங்க குழல நீட்டும்போ வேண்டாம்னு சொன்னா, நீ எனக்கு ஆளே இல்லன்னு சொன்ன மாதிரிம்மா."

நான் வாய் வைத்து உறிஞ்சினேன். கசப்புதான். ஆனால் ஒரு விஷயத்தை அன்றே கண்டுகொண்டேன். குடுவை கையில் இருக்கும்வரை அது என் முறை. அடியில் களகளவென்று சத்தம் வரும்வரை யாரும் பிடுங்க மாட்டார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். நான் பேசினாலும் பேசாவிட்டாலும் நீ காத்திருப்பாய். வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் நான் எழுந்து நிற்பதற்குள் அடுத்தவளிடம் போய்விடுவாள். எனக்காக ஒருவர் காத்திருந்தது உன் படியில்தான்.

அந்த நான்கு மாதங்களில் நான் எவ்வளவு பேசினேன்! இலையும் கொஞ்சம் காரணமாக இருக்கலாம். இரண்டு முறை குடித்தால் நெஞ்சு படபடக்கும், ரவிக்கைக்குக் கொக்கி தைக்கும்போது ஊசி நடுங்கும், சாயங்காலம் வரை பசி இருக்காது. "அங்க துறைமுகத்துல இதக் குடிச்சிட்டு அவனுக உறங்காம எட்டு மணிக்கூர் மூட்டை தூக்குவானுக," என்பாய். "ஆனா கொதிக்கக் கொதிக்கக் குடிச்சுக் குடிச்சு கிழவனுக்கெல்லாம் தொண்டை புண்ணு. நமக்கு ஆறட்டும், கேட்டியா?"

ஆவணியில் உனக்குக் கல்யாணம். மதினி போனக்காட்டு மலைக்காரி, அங்கே தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலை பார்ப்பவரின் மகள். வந்த மூன்றாம் நாள் பின்வாசல் படிக்கு வந்தாள். நீ குடுவையை அவளிடம் நீட்டினாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அவளும் கவிழ்ப்பாள் என்று. அவள் குனிந்து, வெகு நாள் பழக்கம்போல் உறிஞ்சினாள். நீ முன்கூட்டியே அறையில் வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்! என்னை மட்டும் முகத்தில் கொட்டிக்கொள்ள விட்டாய். அதை நினைத்து அன்று நான் சோறு தின்னவில்லை. கேட்டதற்கு, "மாத்தே குடிச்சேன், பசிக்கல்ல" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. மதினி இலையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, "இது கொழுந்து இல்ல. முத்தின இல, புகை போட்டு உணக்கியிருக்கா, குச்சியும் விட்டிருக்கா. எங்க ஆலையில இத டஸ்டுக்குக்கூட எடுக்க மாட்டா," என்றாள். உன் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நான் நான்கு மாதம் குடித்தேன், குச்சி இருந்ததைக்கூடக் கவனித்ததில்லை.

அன்று முதல் உனக்குப் பிறகு அவள், அவளுக்குப் பிறகு நான். என்னிடம் வரும்போது இலை வெளுத்து, தண்ணீர் சப்பென்றிருக்கும். அவள் உதடு பட்ட சூடு குழலில் இருக்கும். பாவாடை நுனியால் துடைத்துவிட்டுக் குடித்தேன். நீ பார்த்தாய்.

தை மாதத்தில் ஒரு நாள், "இல தீந்துபோச்சு பிள்ளே," என்றாய். நம்பினேன். நான்கு நாள் கழித்து வாழைமூட்டில், மரத்தடியில், புதிதாகக் கொட்டிய பச்சை இலைச் சக்கையைப் பார்த்தேன். அப்படியென்றால் அறைக்குள் வைத்து நீயும் அவளும். அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. மதினி காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னேன்: "இல தீரவே இல்ல. மயினி மட்டும் உள்ள வெச்சுக் குடிக்கா."

அம்மா அவளைக் கேட்ட கேள்விகளை நீ கேட்டிருக்க மாட்டாய், வெளியே போயிருந்தாய். "உங்க மலையில இதுதான் படிச்சுக்கிட்டு வந்தியா?" என்பது வரை போயிற்று. மதினி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பங்குனியில் உன் இருமலில் ரத்தம் வந்தது. நெஞ்சில் க்ஷயம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "இந்த இலத்தண்ணியால வந்ததில்ல. ஆனா இது பசிய அடக்கும். தின்னாத்தானே உடம்பு தேறும்? இனி தொடப்பிடாது," என்று உன்னைக் கோபித்தார். உன் அறைக்குள் நான் வரக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள், கல்யாணமாகாத பிள்ளை என்று. மதினி கஞ்சியோடு உள்ளே போவாள், நான் கதவுக்கு வெளியே நின்று அவள் வளையல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ சாகக் கிடந்தபோதும் எனக்கு அவள்மேல் பொறாமைதான் இருந்தது, அண்ணா. உன்னிடம் மறைத்து என்ன பயன்?

வைகாசி நடுவில், எடவப்பாதி மழை தொடங்கிய வாரம் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, மதினியின் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டுபோக வந்தார். கிளம்புவதற்கு முன்னால் துணி துவைக்கும் கல்லின் அருகே என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"பிள்ளே, ஒண்ணு கேக்கட்டா? தைக்குப் பொறகு அவிய உனக்குக் குடுவை தந்தாவளா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"எனக்கும் தரல்ல. இல தீந்துபோச்சுன்னாவ. வாழைமூட்டுல சக்கையப் பாத்தேன். அப்ப உனக்குத்தான் ஒளிச்சுத் தாறாவ, நீ அத்தைகிட்ட சொன்னதும் அத மறைக்கத்தான்னு நினைச்சேன். ரெண்டு மாசம் உன் மூஞ்சியக் கண்டாலே எனக்கு எரியும், கேட்டியா? தைமாசமே தனியாப் போயி டாக்டரக் கண்டிருக்காவ. சீட்டு இப்பத்தான் பெட்டியில கெடைச்சுது."

அவள் அழுதாள். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. அவளுக்கும் கொடுக்கவில்லை என்ற சந்தோஷம். ஒரு நொடிதான். ஆனால் வந்தது. அதன் பிறகுதான் புரிந்தது, எங்கள் இருவருக்கும் நோய் ஒட்டாமல் காப்பாற்ற நீ தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு குடித்திருக்கிறாய் என்று.

அவள் மனதைத் திறந்து "எரியும்" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நானும் "எனக்கும்தான் மயினி, மன்னிச்சிரு" என்று சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல" என்றேன். வண்டி விதுரா வழியாக மலைக்குப் போய்விட்டது.

நேற்று உன் கோட்டை மடித்து வைத்தபிறகு அவளுக்கு எழுத ஒரு தபால் கார்டு எடுத்தேன். போனக்காட்டு விலாசத்தை எழுதி, "மயினி, எனக்கும் எரிந்தது" என்று ஒரு வரி எழுதினேன். "எரிந்தது" என்பதை அடித்துவிட்டு "எரிகிறது" என்று திருத்தினேன். உன் அறைக்குள் அவள் இருந்த அந்தக் கடைசி மாதங்கள் அவளிடம் இருக்கின்றன. என்னிடம் இல்லை. பொய்யில்லாமல் எழுதினால் அப்படித்தான் எழுத முடிகிறது. இன்று காலை அதைத் தபாலில் போட்டுவிட்டேன்.