ஆற்றின் மேல்புறம் கட்டிய கம்பெனி

சத்துவாச்சாரியில் என் வீட்டு அலமாரியை ஒழித்தபோது ஒரு சி.டி. கிடைத்தது. உறையில் உன் கையெழுத்தில் 'வரலாறு பாடம்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருப்பது பழங்கால நகரத்தைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டு. தலைமையாசிரியையின் கண்ணுக்குத் தப்ப நீ வைத்த பெயர். இரண்டாம் வாரமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஆம்பூர்ப் பள்ளியில் நீ கணினி ஆசிரியை, நான் வரலாறு. ஆற்றங்கரை நாகரிகத்தை விளையாட்டில் கற்றுத்தரலாம் என்று நீ சொன்னபோது, முதுகலை முடித்த எனக்கு அது சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. விஷயம் தெரிந்ததும் தலைமையாசிரியை நிபந்தனை விதித்தார்: அரையாண்டுத் தேர்வில் வரலாற்று மதிப்பெண் சரிந்தால், கணினி அறையில் இனி தட்டச்சு மட்டும்தான்.

விளையாடத் தொடங்கிய முதல் நாள் பிள்ளைகள் வயலுக்கும் முன்னால் தோல் பட்டறையைக் கட்டினார்கள், அதுவும் ஊருக்கு மேலே, ஆறு ஊருக்குள் வரும் பக்கத்தில். ஏன் என்று கேட்டேன்.

"கம்பெனி இல்லாம ஊரா மிஸ்? அப்புறம் சனங்க இன்னா வேலைக்குப் போவாங்க?" என்றாள் ஒருத்தி. அவள் அப்பா தோல் பதனிடும் கம்பெனியில் தொழிலாளி; அந்த ஊரில் கம்பெனி என்றாலே அதுதான்.

திரையில் மக்கள் நோயில் விழுந்தார்கள், ஊரைவிட்டுப் போனார்கள். மூன்று நாளும் இதே கதை. பாடம் நகரவில்லை என்று உன்னைக் கடிந்துகொண்டேன். "பேஜார் பண்ணாதடி, அவங்களே கண்டுபிடிப்பாங்க" என்றாய்.

நான்காம் நாள் அந்தப் பெண் விளையாடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டு போர்வெல் தண்ணி மஞ்சளா வரும் மிஸ். கம்பெனி மேல கீது, நாங்க கீழ கீறோம்" என்றாள். பிறகு பட்டறையை ஊருக்குக் கீழே மாற்றினாள். அன்று திரையில் யாரும் நோயில் விழவில்லை.

சிந்துவெளி நகரங்களில் வடிகால் எதற்கு என்று அரையாண்டுத் தேர்வில் கேட்டிருந்தேன். புத்தகத்தில் இரண்டே வரி. அந்தப் பெண், கழிவு குடிதண்ணீரில் கலந்தால் ஊர் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். புத்தகத்தில் இல்லை என்று பாதி மதிப்பெண் போட்டேன். மறுபடி படித்து, அதை அடித்துவிட்டு முழுதும் கொடுத்தேன். அடித்தல் தலைமையாசிரியையின் கண்ணில் பட்டது. கணினி அறைக்காக மதிப்பெண்ணைக் கூட்டினேனா என்று என்னை அழைத்துக் கேட்டார். என் பதிலில்தான் உன் அறையின் கதி இருந்தது.

"பதில் சரிதான் மேடம். புத்தகத்துலதான் கம்மியா இருக்குது" என்றேன்.

அறை தப்பியது. வராந்தாவில் காத்திருந்த நீ, "நீயாடி பேசின?" என்று என் கையைக் கிள்ளினாய்.

நீ இறந்துபோய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது எனக்குக் காட்பாடியில் கல்லூரி வேலை. எந்தப் பழைய நகரத்தின் வரைபடத்தை விரித்தாலும் நான் அரண்மனையைத் தேடுவதில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது, கீழே யார் குடியிருந்தார்கள் என்று கேட்கிறேன். இது எந்த நூலில் இருக்கிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆம்பூர்ப் பிள்ளைகளிடம் படித்தது என்பேன். அவர்களைக் கணினி முன்னால் உட்காரவைத்தவள் என் தோழி என்று சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.