கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்

ஜனவரி 9

என் வீட்டுக்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி என்று கேட்கப் போவதில்லை. ஏழு வாரமாகப் போனை எடுக்காத மனிதர் நன்றாகத்தான் இருக்க வேண்டும். மகள்தான் விலாசம் கொடுத்தாள். லேத் பட்டறைக்கு மேலே ஓர் அறையாம், இரும்புக் கட்டிலாம். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தை விட்டுவிட்டு இரும்புக் கட்டிலில் போய்ப் படுக்கிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். உங்கள் மனசுக்குள் அது இதற்குள் ஊதிப் பெரிசாகியிருக்கும். மருந்துக் கடைகளுக்குச் சரக்கு வாங்கும் மேனேஜர் இரண்டு ஆட்களோடு நம் பிரஷ் பட்டறைக்கு வந்தார். பாட்டில் பிரஷ், நகப் பிரஷ் எல்லாம் தட்டில் பரப்பி வைத்திருந்தேன். நீங்கள் கைப்பிடி வார்க்கிற அச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்குத் தும்மல் வந்தது. மேல் பல் செட் கழன்று தட்டில் விழுந்தது. அவ்வளவுதான். நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு கம்பம் மாதிரி நின்றீர்கள். வந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள். யாராவது ஒருவர் பேசியாக வேண்டும். நான் பேசினேன். செட்டைக் கையில் எடுத்து, பாட்டில் பிரஷால் தேய்த்துக் காட்டி, "பாருங்க சார், இது உள்ள போகவே மாட்டேங்குது. இதுக்குன்னு ஒழுங்கா ஒரு பிரஷ் கிடைக்குதா? நாங்க பண்றோம்" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போகும்போது இரண்டாயிரம் பிரஷ் என்று வாயால் ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அவமானமாகப் போக இருந்ததை நான் சரக்காக மாற்றினேன். அதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். மார்ச் முதல் வாரத்தில் மாதிரி காட்ட வேண்டும். வேறு அச்சுக்காரர்கள் ஊரில் இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்கள் செய்கிற கைப்பிடி கையில் நிற்பதில்லை. கோபத்தைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
வீடு வீடாகத் துடைப்பம் விற்ற காலத்தில் நீங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவள்


ஜனவரி 17

முதலாளியம்மாவுக்கு,

பட்டறையில் எல்லோரும் உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டால் வம்பில்லை.

தும்மியது உன் குற்றமில்லை. விழுந்ததும் உன் குற்றமில்லை. நான் குனிந்து எடுத்திருப்பேன். திரும்பி நின்று போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு நொடி ஆகியிருக்கும். அந்த இரண்டு நொடியை உன்னால் எனக்குக் கொடுக்க முடியவில்லை.

ஒன்பது வருஷமாகச் செட் போடுகிறேன். ஒருநாள் உன் முன்னால் கழற்றியிருப்பேனா? நம் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் விழாது. ஆணியை வளைத்து வைத்திருக்கிறோம், அதுவும் நிற்காது. மாற்றலாம் என்று எத்தனை தடவை சொன்னேன். "ரெண்டே பேர் இருக்கிற வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு?" என்பாய். ஒன்பது வருஷமாக ஒரு காலால் கதவை உதைத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் நின்று பல் கழுவியவன் நான். குழாயையும் திறந்துவிட்டுக்கொள்வேன், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று.

அதைத்தான் நீ மூன்று அந்நியர்களுக்கு முன்னால், வெளிச்சத்தில், பாட்டில் கழுவுகிற பிரஷால் தேய்த்தாய். அதைவிட, நீ சிரித்தாய். அவர்கள் சிரித்தது எனக்கு நினைவே இல்லை.

கையில் கிடைத்ததை விற்றுவிடுவது உனக்கு அந்தக் காலத்திலிருந்தே பழக்கம். அன்றைக்கு நான் கிடைத்தேன்.

அச்சு செய்ய மாட்டேன்.

உன் தட்டில் விழுந்தவன்


ஜனவரி 25

உங்களுக்கு,

தாழ்ப்பாளாம், ஒற்றைக் காலாம். படித்துவிட்டு ஆத்திரத்தில் பட்டறையில் இரண்டு பேரைத் திட்டிவிட்டேன், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? ஒன்பது வருஷமாகத் தினமும் காலையில் அந்தக் குழாய் ஓட ஆரம்பித்ததும் நான் அடுப்படியில் பாத்திரங்களை எடுத்து உருட்டுவேன். கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான். "காலங்காத்தால என்ன இப்படி உருட்டுறே?" என்று வெளியே வந்து என்னையே கேட்பீர்கள். அதற்கெல்லாம் நான் பை தூக்கினேனா?

நீங்கள் இல்லாவிட்டால் பிரஷ் நிற்காது என்று நினைக்க வேண்டாம். நார் பதிக்கிற மெஷின்கார அக்காவும் நானும் சேர்ந்து ஒன்று செய்துவிட்டோம். சாதாரணப் பல் பிரஷ்ஷைவிடக் கைப்பிடி கனமாக, நார் நல்ல விறைப்பாக. விறைப்பாக இருந்தால்தானே அழுக்கு போகும். அலமாரியின் கீழ் இழுப்பறையில் கிடந்ததே உங்கள் பழைய செட், அளவு சரியில்லை என்று கழித்துப் போட்டது, அதில்தான் தேய்த்துப் பார்த்தோம். பின்னே என்ன, தெருத் தெருவாகப் போய்ப் பல் கடன் கேட்கவா? மெஷின்கார அக்கா அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "அண்ணன் கடிச்சிருவாரோன்னு பயமா இருக்கு முதலாளியம்மா" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மறைக்க மாட்டேன். நான்கு நாள் தேய்த்ததில் செட்டின் ரோஸ் பாகமெல்லாம் கோடு கோடாகக் கீறிவிட்டது. உள்பக்கக் குழிவிலோ பிரஷ் போகவே இல்லை, அழுக்கு அங்கேயே இருக்கிறது. ஏன் என்று எழுதுங்கள். என்னைத் திட்டுவதானாலும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாத்திரம் உருட்டுகிறவள்


பிப்ரவரி 4

உனக்கு,

என் பழைய செட்டைப் பட்டறையில் எத்தனை பேர் தொட்டார்கள்? அந்த அக்கா, அண்ணன் கடிப்பாரா என்று கேட்கிறாள், அதை நீ எனக்கே எழுதுகிறாய். படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு, கீறல் விழுந்தது என்று எழுதியிருந்தாயே என்று மறுபடி எடுத்து நீவிப் படித்தேன். என் தொழிலைச் சபிக்கிறேன்.

விறைப்பான நாரைப் போடுகிறவர்களுக்குச் செட் போட்டுப் பழக்கமில்லை. அது பிளாஸ்டிக், பீங்கான் தட்டு இல்லை. ஒவ்வொரு கீறலிலும் கறை போய் உட்காரும், நாற்றம் அடிக்கும். மென்மையான நார் போடு. பற்பசை வேண்டாம், அதுவும் கீறும், சோப்பு போதும் என்று அட்டையில் அச்சடி. ஒரு முனையில் அகலமான தலை, பல்லுக்கும் வெளிப்பக்கத்துக்கும். மறு முனையில் விரல் நுனி அளவுக்குக் கூம்பாக ஒரு குஞ்சம். ஈறில் உட்காருகிற குழிவுக்குள் அதுதான் போகும்.

இப்போது நீ யோசிக்காததைச் சொல்கிறேன். செட் கழுவுகிறவன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. வாயில் பல் இல்லாத முகத்தை எவனும் பார்க்க விரும்ப மாட்டான். காலையில் மூக்குக் கண்ணாடியும் போட்டிருக்க மாட்டான். இடது கையில் செட் சோப்பில் வழுக்கும். கீழே விழுந்தால் இரண்டாகும் என்று அவன் கவனமெல்லாம் அந்தக் கையில்தான் இருக்கும். பிரஷ்ஷைப் பார்க்க அவனுக்குக் கண் மிச்சமில்லை. எந்த முனை மேலே இருக்கிறது என்று கட்டைவிரலுக்கே தெரிய வேண்டும். அதனால் ஒரு பக்கம் கட்டைவிரல் உட்காருகிற மாதிரி பள்ளம். எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மேடு. பள்ளம் என்றால் பெரிய தலை, மேடு என்றால் குஞ்சம்.

மரத்தில் ஒன்று செதுக்கி இத்துடன் அனுப்புகிறேன். தச்சரிடம் கொடுத்து அதைப் பார்த்து மாதிரிக்கு இருபது செய்துகொள். அச்சு மட்டும் என்னிடம் கேட்காதே. அந்த மேனேஜரின் கடைக்கு என் கையால் ஓர் அச்சு வராது.

என் செட்டை எனக்கு அனுப்பிவிடு.

நான்


மார்ச் 6

உங்களுக்கு,

உங்களால் எனக்கு ஆர்டர் போச்சு. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

மேனேஜரின் அலுவலகத்துக்கு இருபது மாதிரியோடு போனேன். உங்கள் பழைய செட்டையும் ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுபோனேன். ஆமாம், நீங்கள் அனுப்பச் சொன்ன பிறகும்தான். தேய்த்துக் காட்டாமல் எந்தப் பிரஷ்ஷையும் நான் விற்றதில்லை. மேஜைமேல் டப்பாவைத் திறந்தேன். பள்ளம், மேடு எல்லாம் விளக்க ஆரம்பித்தேன். அந்த மனிதர் பிரஷ்ஷைப் பார்க்கவே இல்லை. டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "என்னம்மா, அண்ணனையே கூட்டிட்டு வந்திருக்கலாமே. போன தடவை மாதிரி தும்மிக் காட்டியிருப்பாரு" என்றார். அடுத்த மேஜைக்காரனைக் கூப்பிட்டு, "டேய் இங்க வா, நான் சொன்னேன்ல, இதான் அது" என்றார். அவன் ஓடி வந்தான். அவனுக்கு முன்பே கதை தெரிந்திருந்தது. அந்த அலுவலகம் முழுக்கத் தெரிந்திருந்தது. மூன்று மாதமாக உங்களை வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டப்பாவை மூடிவிட்டேன். "சார், இது என் வீட்டுக்காரர் பல்லு. உங்களுக்குச் சிரிக்கக் கொண்டு வரலை" என்றேன். "அன்னைக்கு நீங்கதானேம்மா முதல்ல சிரிச்சீங்க?" என்றார்.

இருபது மாதிரியையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டேன். அவர் சொன்னது சரிதான், உங்களுக்குத்தான் நான் மாற்றி எழுதியிருந்தேன். அதுதான் வழியெல்லாம் எரிந்தது. அவர்மேல் கோபம், என்மேல் அதைவிடக் கோபம், உங்கள்மேலும் கோபம், ஒரு தும்மலை அடக்கத் தெரியாத மூக்கு என்று.

வெறும் கையோடு திரும்புகிறவள் இல்லையே நான். வருகிற வழியில் பல் செட் செய்து கொடுக்கிற ஒருவரின் கடை இருந்தது. உள்ளே போனேன். அவர் பெரியவர், பேசாமல் பிரஷ்ஷை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கையில் திருப்பினார். கட்டைவிரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. கண்ணைத் திறக்காமலே, "இதைச் செஞ்சவர் செட் போட்டவராம்மா?" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. நான் கேட்டதில்லை" என்றேன்.

தான் கொடுக்கிற ஒவ்வொரு செட்டோடும் ஒரு பிரஷ் வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். தெரிந்த கடைகளுக்கும் சொல்வாராம். இரண்டாயிரம் இல்லை, மாதம் இருநூறு வரலாம். போதும்.

உங்கள் பழைய செட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். துணியில் சுற்றி, மேலே டப்பா, அதற்கு மேலே அட்டைப்பெட்டி. நானே கட்டினேன், வேறு யாரும் தொடவில்லை. மாதிரி பிரஷ் ஒன்றும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்டரை விட்டவள்


மார்ச் 15

உனக்கு,

பார்சல் கிடைத்தது. பிரஷ்ஷைத் தேய்த்துப் பார்த்தேன். குஞ்சம் இரண்டு மில்லி நீளம் அதிகம், வளைகிறது. வெட்டச் சொல். பள்ளத்தைத் தச்சர் சரியாகப் போட்டிருக்கிறார்.

செட் போட்டவரா என்று அந்தப் பெரியவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உன்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அந்த ஒரு பத்தியை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். மற்றபடி என் கோபம் போகவில்லை. டப்பாவைக் கொண்டுபோயிருக்கிறாய், நான் வேண்டாம் என்று எழுதிய பிறகு. போய்விடும் என்று நினைக்காதே.

அச்சு கீழே லேத் பட்டறையில் தயாராக இருக்கிறது. பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். உனக்காக இல்லை. பள்ளத்தை வேறு எவனாவது தப்பான இடத்தில் போட்டுவிடுவான் என்று பயம். நூற்றிருபது கிலோ. ஞாயிற்றுக்கிழமை வேன் அனுப்பு. இறக்கும்போது பக்கத்தில் ஆள் வேண்டும், இடித்தால் அச்சின் முகம் நசுங்கிவிடும். அதனால் நானும் கூட வருவேன். இறக்கி, மெஷினில் மாட்டி, முதல் கைப்பிடி விழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். திரும்புகிற வண்டிக்கு டிரைவரிடம் இப்போதே சொல்லிவை.

நான்


மார்ச் 19

உங்களுக்கு,

வேன் ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே இருக்கும். குஞ்சத்தை வெட்டச் சொல்லிவிட்டேன். அச்சை இறக்க நான்கு பேர் வருகிறார்கள், அவர்களைத் திட்டுகிற வேலையை உங்களுக்கே விட்டு வைத்திருக்கிறேன்.

திரும்புகிற வண்டிக்கு நான் டிரைவரிடம் சொல்லவில்லை. போவதானால் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். எனக்கும் கோபம் போகவில்லை. பாதி உங்கள்மேல்.

ஒரு விஷயம். பாத்ரூம் கதவு அடியில் உப்பியிருந்தது, அதனால்தான் இத்தனை நாள் பொருந்தவில்லை. தச்சர் இழைத்துவிட்டார். ஆணியைப் பிடுங்கிவிட்டு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன், பட்டறைக் கதவுக்குப் போடுகிற கனத்தில். வாஷ்பேசின் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பலகையும் அடித்திருக்கிறேன். மெஷின்கார அக்காவை உள்ளே நிறுத்தித் தாழ்ப்பாள் போடச் சொல்லி, வெளியிலிருந்து தோளைக் கொடுத்து மூன்று முறை தள்ளிப் பார்த்தேன். கதவு அசையவில்லை.

இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி