மே மாதத்துப் பிறந்தநாள்

மரக்காணம்,
மே மாதம், ஞாயிறு மதியம்.

அன்புள்ள அனுஷியாவுக்கு,

ஜான்சி எழுதுகிறேன். ராஞ்சி வெயிலில் நீ நலமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். கன்னியர் மடத்தில் போன் தரமாட்டார்கள், கடிதத்தைக்கூட மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று உன் அம்மா சொன்னார்கள். மதருக்குத் தமிழ் தெரியாதாமே, அது ஒரு நிம்மதி. தெரிந்தால், மதர், வணக்கம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உன் அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. காலைப் பூசைக்கு அவராகவே நடந்து வருகிறார். உப்பு வாரும் காலம் என்பதால் ஊரில் பகலில் ஆள் கிடையாது.

பங்குக் கோயில் ஹாலில் நாம் தொடங்கிய கணக்கு வகுப்பை நான் ஒருத்தியாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எந்தக் கணக்கையும் கேட்கலாம் என்று போர்டில் எழுதியது நீ. எழுதிவிட்டு நீ போய்விட்டாய், பதில் சொல்லி மாள்வது நான். ஒரு அப்பா மகனின் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்புகிறார், பாதிப் படத்தில் அவருடைய கட்டைவிரல். ஒரு அம்மா, "மைனஸையும் மைனஸையும் பெருக்குனா எப்படிங்க ப்ளஸ் வரும்? இல்லாதவனும் இல்லாதவனும் சேர்ந்தா பணக்காரன் ஆயிடுவானா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். கழிப்பறைக்கு எத்தனை டைல்ஸ் வாங்குவது என்றும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சொல்கிறேன். அப்படிச் சொன்ன ஒரு பதில்தான் இப்போது என்னைத் தின்கிறது.

பூங்குழலி நினைவிருக்கிறதா? உப்பளத்தில் கூலி வேலை செய்கிற முருகையன், அம்சவள்ளியின் மகள். நீ போர்டில் போட்ட கணக்கைத் தப்பு என்று எழுந்து நின்று சொன்னாளே, அவளேதான். பிளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றாறு எடுத்திருக்கிறாள். திண்டிவனம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு நான்தான் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் அம்சவள்ளி ஹால் வாசலில் வந்து நின்றாள். உப்பு வெயிலில் கூசிக் கூசி அவளுக்குக் கண் பாழாகிவிட்டது. நாலடி தள்ளி நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள். "டீச்சர், இவளுக்குப் பதினெட்டு எப்ப முடியுதுன்னு கணக்குப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். ஓட்டுப் பட்டியலில் பெயர் சேர்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, பள்ளிச் சான்றிதழில் இருந்த தேதியைப் பார்த்து, வருகிற மே மாதக் கடைசியில் என்று சொன்னேன். கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

போன வாரம் பத்திரிகை வைக்க வந்தாள். பூங்குழலிக்குக் கல்யாணம், சான்றிதழ்ப்படி பிறந்தநாள் முடிந்த அடுத்த முகூர்த்தத்தில். மாப்பிள்ளை தட்சணாமூர்த்தி, பொம்மையார்பாளையம், ஆரோவில்லில் வேன் ஓட்டுகிறவர். "பதினெட்டுக்கு முன்னாடி கட்டிக் குடுத்தா ஜெயிலுன்னு ஸ்கூல்ல மீட்டிங் போட்டுச் சொன்னாங்க. அதான் நீங்க சொன்ன தேதி வரைக்கும் பொறுத்துக்கிட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிறாள்டி! எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். தொண்ணூற்றாறு எடுத்த பெண்ணை இப்படிப் பண்ணலாமா என்று கேட்டேன்.

அவளுக்குக் கோபமே வரவில்லை. "எனக்குக் கண்ணு போயிட்டிருக்குதுங்க. முழுசாப் போயிட்டா இவதான் என் எடத்துல உப்பு வாரப் போவா. அதுக்குள்ள உப்பு இல்லாத ஊருக்கு அனுப்பிடறேன்" என்றாள்.

பிறகு அவளாகவே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "இவ பொறந்ததே உப்பு இல்லாத மாசத்துலதான். நிஷா புயல் மழை. பாத்தியெல்லாம் தண்ணி, வேலையே இல்ல. அதனாலதான் கொஞ்ச நாளு புள்ளையோட வீட்டுல இருக்க முடிஞ்சுது. உப்பு காலத்துல பொறந்திருந்தா எங்க இருக்கறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மே மாதத்தில் ஏது புயல் மழை? போனில் தேடிப் பார்த்தேன். நிஷா புயல் அடித்தது நவம்பர் கடைசியில். விசாரித்தால், புயலில் ரோடு அடைத்துப்போய் வீட்டில் பிறந்த பிள்ளையாம், யாரும் பதிவு செய்யவில்லையாம். பள்ளியில் சேர்க்கும்போது தேதி தெரியாது என்று இவர்கள் விழித்திருக்கிறார்கள், சேர்த்துக்கொண்ட சார் தன் பாட்டுக்கு மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தானே பிறந்தநாள்! அப்படியென்றால் அவளுக்குப் பதினெட்டு முடிவது கார்த்திகையில்தான். அதற்குள் கல்லூரி தொடங்கிவிடும், பஸ் பாஸ் வாங்கிவிடுவாள், வகுப்பில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த பெண்ணை எழுப்பிக் கூட்டிவர முருகையனுக்கே மனசு வராது. அந்த ஆறு மாதம் போதும் அனு.

அம்சவள்ளியிடம் ஓடினேன். "பேப்பர்ல இருக்கறதுதாங்க சரி. நான் படிக்காதவ, எனக்கு என்னா தெரியும்?" என்கிறாள், பெற்றவள்! குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் எண்ணுக்கு போன் போட்டேன். எடுத்துப் பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். வேறு ஏதாவது ரெக்கார்டு இருக்கிறதா, இல்லாவிட்டால் சான்றிதழ் தேதிதான் செல்லும் என்று சொல்லிவிட்டாள். பிரசவம் பார்த்த அம்மாள் செத்துப்போய் வருஷமாகிறது. ஃபாதரை அனுப்பிவைத்தேன். முருகையன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவருக்கும் ஒரு பத்திரிகை வைத்து அனுப்பிவிட்டான்.

கடைசியாகப் பூங்குழலியிடமே, நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அழவில்லை. "அம்மாவுக்கு என் முகம் தெரியறப்பவே என்னை மாலையோட பாக்கணுமாம் அக்கா. எப்படி வேணாம்னு சொல்றது?" என்றாள். நான்தான் அழுதேன். நீங்கள் போட்ட கணக்கு சரிதான், கொடுத்த தேதிதான் தப்பு என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வடிவியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். கல்லூரியிலிருந்து கலந்தாய்வுக்குக் கூப்பிட்டு மெசேஜ் வந்திருக்கிறது. என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். அவளிடம் இன்னும் காட்டவில்லை.

எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது அனு. ஹாலைத் திறக்கவே கை வரவில்லை. யாராவது வந்து ஒரு கணக்கு என்று வாயைத் திறந்தாலே, எதற்கு இந்தக் கணக்கு என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தாலி ஏறியிருக்கும். அதனால் கல்யாணம் நிற்க ஜெபம் பண்ணு என்று நான் கேட்கவில்லை. அவள் போகிற வீட்டு விலாசத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு கடிதம் போடு. புருஷனோ மாமியாரோ பிரித்துப் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாதபடி நல்லா வாழ்த்தி எழுது. முடிவில் ஒரு கணக்கு எழுது. லேசில் வராத கணக்காகப் பார்த்து எழுது, விடையைச் சொல்லிவிடாதே. அவள் போட்டு அனுப்பினால் அன்றைக்கே எனக்குத் தெரிவி. அனுப்பாவிட்டால் இன்னொன்று எழுது. அதற்கும் பதில் வராவிட்டால், உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இன்னொன்றும் எழுது.

ஆண்டவர் உன்னை அங்கே வைத்துக் காப்பாற்றட்டும். அந்தப் பிள்ளையையும்.

உன்,
ஜான்சி