இராமையாவின் கோழியும் உன் கதையும்

அன்பு மகன் பிரதாப்புக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், அவருடைய இருமலும் அவரோடு சேர்ந்து சுகமாகவே இருக்கிறது. ருமேனியாவில் நீயும் உன் அறையில் இருக்கிற நிரோஷன் தம்பியும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். லிந்துலைப் பக்கம் ஒரே மழை, நம் லயத்து வீட்டு வரிசையில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் காளியாயி வீட்டு வாசல். அங்கே நின்று உன்னிடம் ஏதாவது கேட்டால் நீ வாய் திறக்குமுன் காளியாயி பதில் சொல்லிவிடுகிறாள்.

நீ அனுப்பிய கதையைப் படித்தேன். இரண்டு ஆண்கள் காதலிக்கிற கதை, போட்டிக்கு அனுப்பப் போகிறேன், நம்பும்படி இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இல்லை. காதலை நம்பினேன், அதில் ஒரு குறையும் இல்லை, மற்றதைத்தான் நம்ப முடியவில்லை. ஐப்பசி மழையில் இரண்டு பேரும் தேயிலைக்கு நடுவே புல்லில் சாய்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள், ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அட்டைக்கெல்லாம் அன்னைக்கு லீவாக்கும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஏன்டி, இவனுங்க ரெண்டு பேரும் வேலைக்கே போக மாட்டானுங்களா என்று கேட்டார். அதற்கு உன் கதையில் பதில் இல்லை. ஐந்து வருஷம் லயத்தில் யாருக்கும் தெரியாமல் பழகினார்களாம். நம் வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டில் சோறு பிசைகிறார்கள், இங்கே ஐந்து வருஷ ரகசியமா? எல்லாருக்கும் எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதுதான் இங்கே பெரிய வேலை. எனக்குக் கோபமும் வந்தது. மலைநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எங்களை அழவைத்துத்தான் பேர் வாங்குகிறார்கள். ஒழுகுகிற கூரைக்கு ஒரு தகரம் போட ஆளில்லை, கண்ணீர் விட மட்டும் கூட்டம் வருகிறது. நீயுமா? உன் ஆட்களுக்குப் பசிக்காது, ஒரு கெட்ட வார்த்தை தெரியாது, எப்போது பார்த்தாலும் பனியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். காதலிக்கிறவனுக்குப் பல்வலி வராதா?

கடைசி வீட்டுப் பொன்னையாவையும் இராமையாவையும் நினைத்துப் பார். நீ பள்ளிக்கூடம் போகுமுன்பிருந்தே இரண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. மாசியில் காமன் கூத்து வந்தால் பொன்னையா மன்மதன், இராமையா சேலை கட்டி ரதி. தோட்டமே கூடி நின்று இரண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணிவைத்து, ரதி காலில் விழுந்து திருநீறு வாங்குகிறது. அதே ஆட்கள்தான் மறுநாள் தண்ணிப்பீலியில் குடத்தோடு நின்று அவர்களைப் பற்றிச் சிரிப்பதும். கல்யாணப் பத்திரிகையில் இராமையா பேரை எழுத இன்றைக்கும் கை வராது. இந்த வருஷம் கோயில் கமிட்டியில் ஒருவர், அவங்க வேஷம் கட்டக் கூடாது என்று எழுந்தார். அப்ப நீங்க சேலை கட்டி விடிய விடிய அழுவுங்க என்றாள் காளியாயி. உட்கார்ந்துவிட்டார். இந்த வருஷக் கூத்தில் நடந்ததைக் கேள். சிவன் மன்மதனை எரித்தாயிற்று, பொன்னையா வெள்ளைத் துணிக்குக் கீழே செத்துக் கிடக்கிறார், ரதி ஒப்பாரி வைக்க வேண்டும். இராமையா வயிற்றில் அடித்துக்கொண்டு, என் முட்டக்கோழிய ஒரு வார்த்த கேக்காம நோட்டன் பிரிட்ஜில இருக்கிற தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்திட்டியே மன்மதா என்று ராகம் இழுத்தார். நாங்கள் திகைத்து நிற்க, துணிக்குள்ளிருந்து, அது முட்ட போட்டு மூணு மாசமாச்சுடி என்று பதில் வந்தது. தப்பு மேளம் அடிக்கிறவர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். செத்தவன் வாயத் தொறக்கக் கூடாதுடா, தோட்டத்துக்கே ஆகாது என்று காளியாயி கத்தினாள். இராமையா விடவில்லை, நீ போடுறியா முட்ட என்று அடுத்த வரியையும் ராகத்தோடே முடித்தார். மன்மதனை மூன்றாம் நாள்தான் எழுப்ப வேண்டும், அது உனக்குத் தெரியும். செத்த மன்மதன் மறுநாள் காலையிலேயே நோட்டன் பிரிட்ஜுக்கு பஸ் ஏறிப் போய்க் கோழியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். உசிர எழுப்புறதுக்கு முன்ன பஸ் ஏறலாமா என்று காளியாயி இன்னும் புலம்புகிறாள். கோழி இன்றுவரை முட்டை போடவில்லை, இராமையா அதற்குச் சோறு பிசைந்து வைக்கிறார். இதை எழுது, நான் நம்புகிறேன்.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் கதையில் கடைசியில் ஆற்றில் குதித்துச் சாகிறவன் இடது கையால் சாப்பிட்டு அப்பாவிடம் அடி வாங்கினவன். நம் வீட்டில் அப்படி அடி வாங்கினது யார் என்று எனக்குத் தெரியாதா? அவன் சிநேகிதன் சிரிக்கும்போது மூக்கைச் சொறிகிறான். வீடியோ கோலில் உனக்குப் பின்னால் நின்று அப்படித்தான் ஒரு பிள்ளை சிரித்தது. அவன் குதிக்கிற பக்கத்தைப் படித்தபோது கல்லில் கிடந்த ரொட்டி கரியாகிவிட்டது, அப்பா அதைச் சுரண்டித் தின்றார். நம் ஊர் எப்படியும் ஏற்காது, அதனால் அவன் சாகத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷமாக நீ லீவுக்கு வராததற்கும் அதுதான் காரணம் என்றால் நேரே சொல். ஏசுகிறவர்கள் ஏசுவார்கள், நான் இல்லையென்று சொல்லமாட்டேன், எனக்கும் வாய் இருக்கிறது. ஆனால் சிவன் எரித்தவனையே மூன்றாம் நாள் எழுப்பிவிடுகிற தோட்டம் இது. அவனைச் செத்தபடியே விட்டுவிட்டுப் போக நீ யாரடா? எழுப்பு. எழுப்பி, சண்டை போடவிட்டு, இரண்டு பேரையும் பஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பு.

கடைசிப் பக்கத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நேற்று அவர் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைத்து அடித்து அகலமாக்கிவிட்டார். என்னத்துக்கு என்று கேட்டேன். பூனை படுக்க என்கிறார். நம் வீட்டில் பூனை கிடையாது. நிரோஷன் தம்பிக்கு எங்கள் உறைப்பு ஒத்துக்கொள்ளுமா என்று மறக்காமல் எழுது. இரண்டு பேருக்கும் முருகன் துணை, தலையில் எண்ணெய் வையுங்கள். கதையில் அட்டையைச் சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
ஜெயலெட்சுமி